பீப்பாய் குலையாமல் இருக்கட்டும்: ஜி.எஃப்.பி.யை நானோபாடியால் பிடித்துக் காட்டும் முழுமையான வழிகாட்டி

"புரதத்தோடு ஜி.எஃப்.பி.யை ஒட்டியாயிற்று, செல் பச்சையாக மின்னுகிறது. அதன் மேல் இன்னொரு சாயம் எதற்கு?" ஜி.எஃப்.பி. என்ற பச்சையாக ஒளிரும் புரதத்தை, சாயம் ஏற்றிய நானோபாடியால் (ஒட்டக இனத்து ஆன்டிபாடியின் சிறு துண்டு) பிடித்துக் காட்டுவது பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்வி. சாதாரண கான்ஃபோகல் நுண்ணோக்கியில் உங்கள் புரதம் தெளிவாகத் தெரிந்தால், படம் எடுத்த பிறகும் ஒளி மங்காமல் இருந்தால், இந்த வேலை உங்களுக்குத் தேவையே இல்லை. பணத்தை வேறெதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

தேவைப்படும் இடங்கள் மூன்று. முதலாவது, மரபணுவின் இயல்பான இடத்திலேயே ஜி.எஃப்.பி.யைச் செருகியிருக்கிறீர்கள், புரதம் குறைவாகவே உருவாகிறது, ஒளி போதவில்லை. ஜி.எஃப்.பி.யின் மேம்பட்ட வடிவமான இ-ஜி.எஃப்.பி. ஒளியை உறிஞ்சும் திறன் (மோலார் உறிஞ்சல் குணகம்) சுமார் 56,000. அதில் 60 சதவீதத்தை ஒளிர்வாகத் திருப்பித் தருகிறது. அட்டோ 488 சாயத்துக்கு இந்த எண்கள் 90,000, 80 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பார்த்தால் ஒரு சாய மூலக்கூறே இரண்டு மடங்குக்கு மேல் பிரகாசம், அதுவும் எளிதில் வெளுக்காது. இரண்டாவது, டி-ஸ்டார்ம், ஸ்டெட் போன்ற, சாதாரண நுண்ணோக்கியின் எல்லையைத் தாண்டிப் பார்க்கும் மீநுண் படமெடுப்பு முறைகள். இவற்றுக்கு வேண்டிய ஃபோட்டான்களும் மினுமினுப்பும் சாதாரண ஜி.எஃப்.பி.யிடம் கிடையாது. மூன்றாவது, கரைப்பான்களால் திசுவைக் கண்ணாடிபோல் ஆக்கும் முறைகளும், ஜெல்லில் வைத்து மாதிரியை ஊத வைக்கும் முறையும். இவற்றில் ஜி.எஃப்.பி.யின் ஒளி பெரும்பாலும் செத்துப்போகும்.

சாதாரண ஆன்டிபாடி போதாதா என்றால், பல நேரங்களில் போதும். அதன் அளவு இடைஞ்சலாகும்போதுதான் நானோபாடி.

1993இல் பிரஸ்ஸல்ஸில் ரேமண்ட் ஹாமர்ஸ் குழுவினர், ஒட்டகத்தின் இரத்தத்தில் இலகு சங்கிலியே இல்லாத ஆன்டிபாடிகள் இருப்பதை வெளியிட்டார்கள். லாமா, அல்பாகா ஆகியவற்றிலும் இவை உண்டு. இந்த ஆன்டிபாடியின் நுனியில் இருக்கும், இலக்கைப் பிடிக்கும் ஒரே ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுத்து பாக்டீரியாவில் வளர்த்தால் அதுவே நானோபாடி. எடை சுமார் 15 கிலோடால்டன்; முழு ஆன்டிபாடி 150. நீளவாட்டில் நானோபாடி 4 நானோமீட்டர், முழு ஆன்டிபாடி 10 நானோமீட்டருக்கும் மேல். முதல் ஆன்டிபாடி, அதன் மேல் சாயம் ஏற்றிய இரண்டாம் ஆன்டிபாடி என்று அடுக்கினால், 25 நானோமீட்டர் தடிமனுள்ள மைக்ரோடியூபுல் (செல்லுக்குள் இருக்கும் மெல்லிய புரதக் குழல்) ஏறத்தாழ 60 நானோமீட்டருக்குப் பருத்துவிடும். 250 நானோமீட்டருக்குக் கீழே பார்க்க முடியாத கான்ஃபோகலில் இது தெரியவே தெரியாது. 20 நானோமீட்டர் வரை பார்க்கும் கருவியிலோ, நீங்கள் காண்பது புரதத்தை அல்ல, அதைப் போர்த்திய ஆன்டிபாடியை. 2012இல் சூரிச்சில் யோனாஸ் ரீஸ், ஹெல்கே எவர்ஸ் ஆகியோர் அலெக்சா ஃப்ளூர் 647 ஏற்றிய நானோபாடியை ஜி.எஃப்.பி. செல்களில் இட்டு, இந்தப் பருமனைத் தவிர்க்க முடியும் என்று காட்டினார்கள்.

இனி இந்த வழிகாட்டி முழுக்க நினைவில் வைக்க வேண்டிய ஒன்று. ஜி.எஃப்.பி. 238 அமினோ அமிலங்களால் ஆன ஒரு பீப்பாய். உயரம் சுமார் 4 நானோமீட்டர், ஒளிரும் பகுதி உள்ளே நடுவில். நானோபாடி அந்த ஒளியை அறியாது. பீப்பாயின் வெளிச்சுவரின் வளைவைத்தான் அது பற்றுகிறது. ஒளி வெளுத்துப்போன பீப்பாயையும் அது பிடிக்கும். வடிவம் குலைந்துபோனால் எவ்வளவு சாயம் ஊற்றினாலும் பிடிக்காது. கீழே ஒவ்வொரு படியிலும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள்: பீப்பாய் இன்னும் நிற்கிறதா?

உங்கள் புரதம் எந்த உயிரியிலிருந்து வந்தது?

நேரமும் பணமும் அதிகம் வீணாவது இங்கேதான். பச்சையாக ஒளிர்வதெல்லாம் ஜி.எஃப்.பி. இல்லை. பரவலாகக் கிடைக்கும் ஜி.எஃப்.பி. நானோபாடிகள் ஏக்குவோரியா விக்டோரியா என்ற ஜெல்லிமீனின் பீப்பாய்க்கு எதிராக உருவானவை. இ-ஜி.எஃப்.பி., சூப்பர்ஃபோல்டர் ஜி.எஃப்.பி., வீனஸ் போன்ற மஞ்சள் வகைகள் எல்லாம் அந்த ஜெல்லிமீனின் வாரிசுகள், இவற்றைப் பிடிக்கும். எம்-நியான்கிரீன் லான்ஸ்லெட் என்ற கடல் உயிரியிலிருந்தும், டர்போ-ஜி.எஃப்.பி. கோப்பிபாட் என்ற சிறு கடல் ஓட்டுயிரியிலிருந்தும் வந்தவை. இவற்றுக்குத் தனி நானோபாடி வேண்டும். சிவப்பிலும் இதே கதைதான். எம்-செர்ரி டிஸ்கோசோமா பவளத்தின் வழி வந்தது, டேக்-ஆர்.எஃப்.பி. கடல் அனிமோன் வழி. இரண்டையும் ஒரே நானோபாடி பிடிக்கும் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட்டின் பெயரை மட்டும் நம்பாமல் அதன் டி.என்.ஏ. வரிசையை எடுத்துப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

அடுத்தது சாயம். முதல் முயற்சி எதுவாயினும் தொலைசிவப்புச் சாயத்தில் தொடங்குங்கள் என்பதே என் பரிந்துரை. காரணம், ஜி.எஃப்.பி.யின் பச்சை ஒளி அப்போது உங்களுக்கு இலவசச் சாட்சி. பச்சைப் படத்தையும் தொலைசிவப்புப் படத்தையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் நானோபாடி சரியான இடத்தில் உட்கார்ந்ததா என்று உடனே தெரிந்துவிடும். பச்சைச் சாயத்தையே பச்சைப் புரதத்தின் மேல் ஏற்றினால், தெரியும் ஒளியில் எது எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. முறை கைக்கு வந்த பிறகு, ஒளியைக் கூட்டுவது மட்டுமே நோக்கம் என்றால் அட்டோ 488க்குப் போகலாம்.

டி-ஸ்டார்முக்கு அலெக்சா ஃப்ளூர் 647; ஸ்டெட்டுக்கு அபீரியர் ஸ்டார் 635பி. அட்டோ 647என் பிரகாசமானதுதான், ஆனால் எண்ணெய்த்தன்மை உள்ளது. சவ்வுகளிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும்.

எடுத்துக்காட்டு: கருத்துளை

முறையைக் கற்க உங்கள் ஆய்வுப் புரதத்தை எடுக்காதீர்கள். விடை முன்பே தெரிந்த மாதிரியில் பழகுங்கள். செல்லின் கரு உறையில் உள்ள துளையே கருத்துளை. யூ2ஓஎஸ் என்ற மனிதச் செல்களில் நுப்96 என்ற கருத்துளைப் புரதத்தோடு எம்-இ-ஜி.எஃப்.பி.யை (இ-ஜி.எஃப்.பி.யின் ஒரு வடிவம்) கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்த முறையில் இணைத்த ஒரு செல் வரிசை இருக்கிறது. ரீஸும் ஹைடல்பெர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் அவருடன் இருந்தவர்களும் 2019இல் இதை ஓர் அளவுகோலாகவே முன்வைத்தார்கள். ஒவ்வொரு துளையிலும் நுப்96 சரியாக 32 பிரதிகள். எட்டு மூலைகள் கொண்ட வளையம், விட்டம் 107 நானோமீட்டர். உங்கள் படத்தில் எட்டு மூலைகளும் தெரிந்தால் சாயமேற்றம் நன்று. ஐந்தாறுதான் தெரிகிறது என்றால் எங்கோ இழப்பு. இதைவிட நேர்மையான பரீட்சை எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தச் செல் வரிசை கிடைக்காவிட்டால், மைக்ரோடியூபுலை ஆக்கும் டியூபுலின் புரதத்தோடு ஜி.எஃப்.பி. இணைத்த செல்கள் போதும். தடிமனை அளந்து பார்க்கலாம்.

படி 1: கட்டுப்பாட்டு மாதிரிகள்

செல்களை விதைக்கும் அன்றே இவற்றுக்கும் சேர்த்து விதையுங்கள்; பிறகு செய்துகொள்ளலாம் என்று விட்டால் செய்யப்படுவதில்லை. ஜி.எஃப்.பி. இல்லாத அதே செல்லில் நானோபாடி: இதில் தெரிவதெல்லாம் பொய்யொளி. ஜி.எஃப்.பி. செல், நானோபாடி இல்லாமல்: பச்சை மற்ற அலைவரிசைக்குள் கசிகிறதா என்று காட்டும். மூன்றாவதாக எதுவும் சேர்க்காத, ஜி.எஃப்.பி.யும் இல்லாத செல். பொருத்துகைக்குப் பிறகு (செல்லை வேதிப்பொருளால் இருந்த நிலையிலேயே நிறுத்தும் படி 3) செல்லே ஓரளவு ஒளிரும், அதன் அளவு இது.

படி 2: செல் வளர்ப்பு

24 குழிகள் கொண்ட தட்டில் 12 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப். தடிமன் எண் 1.5, அதாவது 0.17 மில்லிமீட்டர். எண் 1 கவர்ஸ்லிப்பில் உயர்ரக லென்ஸ்கள் தங்கள் திறனைக் காட்டாது. மீநுண் வேலைக்குக் கண்ணாடியை முதல் நாளே சுத்தம் செய்து வையுங்கள்; கண்ணாடியில் ஒட்டிய ஒவ்வொரு தூசும் அங்கே ஒரு விண்மீன்.

படி 3: பொருத்துகை

பீப்பாயின் கதி முடிவாகும் படி இது. பி.பி.எஸ். என்ற பாஸ்பேட் உப்புக் கரைசலில் 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு, 37 டிகிரிக்கு இளஞ்சூடாக்கி, 10 முதல் 15 நிமிடம். இது பீப்பாயைத் தாங்கிப் பிடித்து நிறுத்தும்.

குளிர்ந்த மெத்தனாலும் அசிட்டோனும் இங்கே வேண்டாம். அவை புரதங்களின் நீரைப் பிடுங்கி வடிவத்தைக் குலைக்கின்றன. மைக்ரோடியூபுல் வேலையில் மெத்தனால் பழக்கமானவர்கள் இதை மறந்துவிடுவார்கள். கடையில் வாங்கும் 37 சதவீத ஃபார்மலினிலும் நிலைப்படுத்துவதற்காக 10 முதல் 15 சதவீதம் வரை மெத்தனால் சேர்த்திருப்பார்கள். மெத்தனால் இல்லாத, ஆம்பூலில் அடைத்த ஃபார்மால்டிஹைடையோ தூளிலிருந்து நீங்களே கரைத்ததையோ பயன்படுத்துங்கள். குளுட்டரால்டிஹைடு நுண்கட்டமைப்பை அருமையாகக் காக்கும், ஆனால் பச்சை அலைவரிசையில் தானே ஒளிரும்.

கருத்துளைக்குச் செய்முறை வரிசை சற்று வேறு: 2.4 சதவீத ஃபார்மால்டிஹைடில் 30 விநாடி, சவ்வைத் திறக்கும் சோப்பான டிரைட்டன் எக்ஸ்-100இல் (0.4 சதவீதம்) 3 நிமிடம், மறுபடி 2.4 சதவீத ஃபார்மால்டிஹைடில் 30 நிமிடம். முதலில் செல்லைச் சற்றே பிடித்து நிறுத்தி, கரையக்கூடியதைக் கழுவி, பிறகு முழுதாகப் பொருத்துகிறோம். பின்னணி கணிசமாகக் குறையும்.

எஞ்சிய ஆல்டிஹைடு நானோபாடியைக் கண்ட இடத்தில் ஒட்டவைத்துவிடும். 100 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடில் 5 முதல் 10 நிமிடம் வைத்து அதை அடக்குங்கள். கிளைசீனும் ஆகும்.

படி 4: சவ்வைத் திறத்தல்

0.1 முதல் 0.25 சதவீத டிரைட்டன், 10 நிமிடம். மேலே சொன்ன கருத்துளை வரிசையில் இது ஏற்கெனவே முடிந்துவிட்டது. எஸ்.டி.எஸ். என்ற கடும் சோப்பின் பக்கம் போகாதீர்கள், பீப்பாய்க்கு ஆகாது. சவ்வுப் புரதம் என்றால் சப்போனின் மென்மையானது. ஆனால் அது விட்டவுடன் சவ்வு மூடிக்கொள்ளும், ஆகவே பிறகு வரும் எல்லாக் கரைசலிலும் இருக்க வேண்டும்.

வேண்டுமென்றே இந்தப் படியை விட்டுவிடுவதும் ஓர் உத்தி. ஜி.எஃப்.பி. செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஏற்பியில், சவ்வைத் திறக்காமல் நானோபாடி இட்டால் மேற்பரப்பில் உள்ளவை மட்டும் தொலைசிவப்பில் தெரியும். பச்சையில் மொத்தமும் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் ஏற்பி எவ்வளவு மேலே இருக்கிறது, எவ்வளவு உள்ளே போய்விட்டது என்று சொல்லிவிடலாம்.

படி 5: தடுப்பு

பி.பி.எஸ்.இல் 3 முதல் 4 சதவீத பி.எஸ்.ஏ. (மாட்டு இரத்தப் புரதம்), 30 நிமிடம்; நானோபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுக்க. நானோபாடிக்கு ஆன்டிபாடியின் வால்பகுதி கிடையாது, எனவே மேக்ரோஃபேஜ் போன்ற செல்களின் வால்பிடிக்கும் ஏற்பிகளில் சிக்காது. சிக்கல் செய்வது பெரும்பாலும் சாயத்தின் மின்னேற்றம். அலெக்சா 647 கருவுக்குள் மங்கலாகப் படிந்தால், மின்னேற்றச் சாயங்களுக்கென்றே விற்கப்படும் தடுப்புக் கரைசலை ஒருமுறை முயலுங்கள்.

படி 6: நானோபாடி இடுதல்

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பது முழு ஆன்டிபாடியில் சுமார் 6.7 நானோமோலார், நானோபாடியில் 67. எடை ஒன்றே, மூலக்கூறுகள் பத்து மடங்கு. ஆன்டிபாடிக்குப் பழகிய கையோடு மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் போட்டீர்கள் என்றால் 670 நானோமோலார், பின்னணி மூடிவிடும். மூலக் கரைசல் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்றால் 1:500 நீர்ப்பு சுமார் 130 நானோமோலார் தரும். 25, 50, 100 நானோமோலார் என்று மூன்று கவர்ஸ்லிப்களில் ஒருமுறை சோதித்து, பொய்யொளிக்கும் மெய்யொளிக்கும் விகிதம் எங்கே சிறந்தது என்று பாருங்கள்.

நீர்க்கும் முன் மூலக் கரைசலை 10,000 ஜி விசையில் 5 முதல் 10 நிமிடம் சுழற்றி, மேலிருந்து மட்டும் எடுங்கள். திரண்ட துகள்கள் அடியில் தங்கட்டும். பாராஃபிலிம் மேல் 40 மைக்ரோலிட்டர் துளி, அதன் மேல் செல் பக்கம் கீழாகக் கவர்ஸ்லிப், சுற்றிலும் ஈரத்தாள், மேலே அலுமினியத் தாள். அறை வெப்பத்தில் 1 மணி நேரம்.

மற்ற புரதங்களையும் சாதாரண ஆன்டிபாடியால் காட்ட வேண்டுமானால், அவற்றின் முதல் அல்லது இரண்டாம் ஆன்டிபாடிக் கரைசலிலேயே நானோபாடியைக் கலந்துவிடலாம். எலி, முயல் ஆன்டிபாடிகளுக்கான இரண்டாம் ஆன்டிபாடி அல்பாகா நானோபாடியைக் கண்டுகொள்ளாது. அரை நாள் மிச்சம்.

பிறகு பி.பி.எஸ்.இல் 5 நிமிடமாக மூன்று முறை கழுவல். டி-ஸ்டார்முக்கோ நாள் கடந்து பார்ப்பதற்கோ 4 சதவீத ஃபார்மால்டிஹைடில் இன்னொரு 10 நிமிடம். நானோபாடி ஒற்றைக் கையால்தான் பிடிக்கிறது. பின்பொருத்துகை அந்தப் பிடியைப் பூட்டிவிடும். ஃபிஷ் (எஃப்.ஐ.எஸ்.எச்.) முறை போன்று டி.என்.ஏ.வைச் சூடாக்கிப் பிரிக்கும் வேலை பிறகு இருந்தால் இந்தப் படி உயிர்நாடி: முதலில் நானோபாடி, பின்பொருத்துகை, அதன் பிறகே சூடு. பீப்பாய் குலைந்தாலும் சாயம் இடத்திலேயே நிற்கும்.

படி 7: ஏற்றுதல், படம் எடுத்தல்

கான்ஃபோகலுக்கு எந்த நல்ல ஏற்றுக் கரைசலும் ஆகும், பி.எச். மட்டும் 7.4க்குக் கீழே போக வேண்டாம். இ-ஜி.எஃப்.பி. பி.எச். 6 அளவிலேயே பாதி ஒளியை இழந்துவிடும், உங்கள் பச்சைச் சாட்சி மங்கும்.

டி-ஸ்டார்முக்கு டிரிஸ் கரைசல் பி.எச். 8, அதில் 10 சதவீத குளுக்கோஸ், மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளுக்கோஸ் ஆக்சிடேஸ், 40 மைக்ரோகிராம் கேட்டலேஸ், 35 மில்லிமோலார் சிஸ்டியமின். நொதி வேலை செய்யச் செய்ய அமிலம் சேரும், மினுமினுப்பு கெடும். மணிக்கணக்கில் எடுப்பதானால் இடையில் மாற்றுங்கள்.

அலைவரிசைகளை ஒன்றன் பின் ஒன்றாக எடுங்கள். லேசர் அளவையும் உணரியின் அளவையும் முதலில் நானோபாடி இட்ட ஜி.எஃப்.பி. செல்லில் நிறைவுறாதபடி அமைத்து, அதே அளவில் எல்லாக் கட்டுப்பாடுகளையும் எடுங்கள். கட்டுப்பாட்டுப் படம் கறுப்பாக இருக்கிறதே என்று அங்கே மட்டும் லேசரைக் கூட்டினால் அது கட்டுப்பாடே இல்லை.

படம் சரியில்லை என்றால்

பச்சை தெரிகிறது, தொலைசிவப்பு இல்லை: நானோபாடி உள்ளே போகவில்லை, அல்லது உங்கள் பச்சைப் புரதம் ஜெல்லிமீன் வழி வந்ததில்லை. இரண்டும் தெரியவில்லை: பொருத்துகையைச் சந்தேகியுங்கள். மெழுகில் பதித்து, கொதிக்க வைத்து மீட்ட திசுவில் இப்படி ஆவது வழக்கம். அங்கே குலைந்த ஜி.எஃப்.பி.யையும் அறியும் பாலிகுளோனல் ஆன்டிபாடியே (பல இடங்களில் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் கலவை) சரி.

நானோபாடி இட்டதும் பச்சை ஒளி குறைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். சாயம் பீப்பாய்க்கு மிக அருகில், சில நானோமீட்டரில், உட்கார்ந்திருக்கிறது. ஆரஞ்சு, சிவப்புச் சாயம் என்றால் ஜி.எஃப்.பி. தன் ஆற்றலை ஒளியாக விடாமல் சாயத்துக்கே கைமாற்றிவிடும். அது ஒட்டியதற்கே சான்று. தவிரவும் நானோபாடிகளிலேயே ஜி.எஃப்.பி.யின் ஒளியைக் கூட்டுவன, குறைப்பன என்று இரு வகை உண்டு என்று 2010இல் மியூனிக் குழுவினர் காட்டினார்கள். ஆகவே நானோபாடி இட்ட மாதிரியில் பச்சையின் அளவை வைத்துப் புரதத்தின் அளவைக் கணக்கிடாதீர்கள்.

ஒளி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதும் நடக்கும். ஒரு நானோபாடியில் ஒன்றிரண்டு சாயங்கள்தான். இரண்டாம் ஆன்டிபாடிகளோ பல சேர்ந்து ஒன்றன் மேல் ஏறும், ஒவ்வொன்றிலும் பல சாயங்கள். வெறும் பிரகாசம் மட்டும் வேண்டுமானால் பழைய முறையே வெல்லக்கூடும். நானோபாடியின் பலம், ஒரு ஜி.எஃப்.பி.க்கு ஒரு நானோபாடி என்ற நேர்க்கணக்கில் இருக்கிறது.

தடித்த திசு

சிறியது என்பதால் நானோபாடி ஆழமாக ஊடுருவும். 2019இல் மியூனிக்கில் அலி எர்த்துர்க் குழுவினர் எலியின் முழு உடலிலும், இதயம் வழியாக இறைத்துச் செலுத்தி, நானோபாடியைச் செலுத்திக் காட்டினார்கள். ஆனால் ஊடுருவல் மட்டும் போதாது, எண்ணிக்கையும் வேண்டும். 50 நானோமோலாரில் 40 மைக்ரோலிட்டர் என்பது சுமார் 1.2 லட்சம் கோடி நானோபாடிகள். ஒரு கவர்ஸ்லிப்பின் செல்களுக்குத் தாராளம். ஜி.எஃப்.பி. நிறைந்த 100 மைக்ரோமீட்டர் மூளைத் துண்டில் அதே துளி மேற்பரப்பிலேயே தீர்ந்துவிடும்; நடுப்பகுதி இருட்டாகக் கிடக்கும். ஊடுருவவில்லை என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். கூட்ட வேண்டியது கரைசலின் அளவு. 300 முதல் 500 மைக்ரோலிட்டரில், 4 டிகிரியில், மெல்ல ஆட்டியபடி இரவு முழுக்க, தடித்த துண்டுக்கு இரண்டு மூன்று நாள் வரை விடுங்கள். டிரைட்டனும் 0.3 முதல் 0.5 சதவீதம் வரை வேண்டும்.

நீங்களே சாயம் ஏற்றுவதானால்

விலைக்கு வாங்குவது கட்டுப்படியாகாத ஆய்வகங்களுக்கு இது உண்மையான வழி. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் நகயாமா ஆய்வகம் உருவாக்கிய ஜி.எஃப்.பி. நானோபாடி பிளாஸ்மிட், ஆட்ஜீன் என்ற பிளாஸ்மிட் களஞ்சியம் வழியாகக் கிடைக்கிறது, ஈ. கோலை பாக்டீரியாவில் வளர்க்கலாம்.

என்.எச்.எஸ். எஸ்டர் வகைச் சாயம் நானோபாடியின் லைசீன் என்ற அமினோ அமிலங்களில் ஒட்டும். எளிது, ஆனால் எந்த லைசீனில் ஒட்டும் என்பது உங்கள் கையில் இல்லை. பிடிக்கும் முகத்திலேயே ஒட்டினால் பிடி தளரும். கோட்டிங்கனில் கோர்லிஷ் குழுவினர் 2015இல் காட்டியதுபோல், பிடிமுகத்துக்கு எதிர்ப்புறத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் ஒன்றை வைத்து, அதில் ஒட்டும் மாலிமைடு வகைச் சாயம் ஏற்றுவது மேல். ஒரு சிஸ்டீனுக்கு ஒரு சாயம். சிஸ்டீனைச் சாயத்துக்குத் தயார்படுத்தும் ஒடுக்கியைப் பனிக்கட்டியின் மேல் வைத்துச் சில நிமிடங்களே கொடுங்கள், இல்லையேல் நானோபாடியின் உள்ளிருக்கும் டைசல்ஃபைடு பாலமும் உடைந்துபோகும்.

ஒட்டாத சாயத்தை ஜெல் வடிகட்டலால் முழுதும் நீக்கி, சாய விகிதத்தை அளந்துகொள்ளுங்கள். 650 நானோமீட்டரில் உறிஞ்சலைச் சாயத்தின் குணகத்தால் வகுத்தால் சாயச் செறிவு. 280இல் உள்ள உறிஞ்சலிலிருந்து 650இல் உள்ளதன் 3 சதவீதத்தைக் கழித்து, நானோபாடியின் குணகத்தால் வகுத்தால் புரதச் செறிவு. முதலாவதை இரண்டாவதால் வகுத்து வருவது அலெக்சா 647க்கான விகிதம். 0.8க்குக் கீழே வந்தால் சாயமில்லாத நானோபாடிகள் இடத்தை அடைத்துக்கொள்ளும்; கருத்துளையின் எட்டு மூலைகளில் சில காணாமல் போகும்.

மிச்சத்தைச் சிறு பங்குகளாகப் பிரித்து, இருட்டில் வையுங்கள். ஒரு பங்கை ஒருமுறைக்கு மேல் உறைய வைத்து உருக்காதீர்கள். குழாயின் மேல் தேதியோடு செறிவையும் சாய விகிதத்தையும் எழுதிவிடுங்கள். அடுத்த முறை மூலைகள் குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.